கொழுப்பு எப்படிப் பயணம் போகிறது?

அம்பத்தூரில் ஆவினுக்கு ஒரு பெரிய பால் பண்ணை இருக்கிறது. ஊர் விழிக்கும் முன்பே பால் பாக்கெட்டுகள் தெருமுனைக் கடைகளுக்கு வந்துவிடும். நீல பாக்கெட்டில் 3 விழுக்காடு கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருப்பார்கள், எடுத்துப் படித்துப் பாருங்கள். இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதுமே ஆச்சரியம்தான். பாலில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்புக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. அப்புறம் எப்படி இரண்டும் ஒரே பாக்கெட்டில் சண்டையில்லாமல் இருக்கின்றன?

ஒரு சின்ன சோதனை செய்யலாம். மூடியுள்ள பாட்டிலில் பாதி வரை தண்ணீர் பிடித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். எண்ணெய் துளித்துளியாகச் சிதறும். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஏறித் தனிப் படலமாக நின்றுவிடும். இப்போது அதிலேயே ஒரு ஸ்பூன் முட்டை மஞ்சள் கருவை விட்டு, மூடியை இறுக்கி மறுபடி நன்றாகக் குலுக்குங்கள். வெளிர்மஞ்சளாக, பால் மாதிரி ஒரு திரவம் கிடைக்கும். எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிரிந்து மேலே வராது. மஞ்சள் கருவில் லெசித்தின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை எண்ணெயை விரும்பும். எண்ணெய்த் துளியைச் சுற்றி இந்த மூலக்கூறுகள் நின்றுகொள்கின்றன, எண்ணெய்ப் பிரியமான முனை உள்ளே, தண்ணீர்ப் பிரியமான முனை வெளியே. துளி உறை போட்டுக்கொண்டது. இனி அது தண்ணீரோடு சேர்ந்து ஓடலாம்.

பாலில் இருக்கும் கொழுப்பும் இப்படித்தான், உறை போட்ட நுண்ணுருண்டைகளாக மிதக்கிறது. உங்கள் ரத்தத்தில் ஓடும் கொழுப்பும் அதே உத்தியைத்தான் கையாளுகிறது. பாலை நினைவில் வைத்துக்கொண்டால், பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொள்ளும் கொலஸ்ட்ரால் சமாசாரம் முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

காலையில் நெய் மணக்க வெண்பொங்கல் சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசியின் மாவுச்சத்து சர்க்கரையாக உடைந்து, குடல் சுவர் வழியாக நேரே ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. நெய் அந்த வழியில் போவதில்லை. குடல் சுவரின் செல்கள் அதை உள்வாங்கி, புரதமும் லெசித்தின் வகைப் பொருட்களும் சேர்ந்த உறையில் பொதிந்து, பெரிய உருண்டைகளாகக் கட்டுகின்றன. கைலோமைக்ரான் என்று அவற்றுக்குப் பெயர். இவை நிணநீர்க் குழாய்களில் ஏறி, நெஞ்சுக்குள் மேல்நோக்கிப் போய், கழுத்தின் இடது அடிப்பக்கத்தில் ஒரு சிரையில் வந்து ரத்தத்தோடு சேர்கின்றன. பொங்கல் போனது வயிற்றுக்கு, நெய் வந்து சேர்ந்தது தோள்பட்டைக்குப் பக்கத்தில்!

கொழுப்பு மிகுந்த சாப்பாடு முடிந்த சில மணி நேரத்தில் ஒருவரிடம் ரத்தம் எடுத்து, சிவப்பணுக்கள் கீழே படியும்படி சுழற்றினால், மேலே நிற்கும் திரவம் சில சமயம் கலங்கலாக, வெண்மையாகவே இருக்கும். பரிசோதனைக்கூடங்களில் அதை ‘லைப்பீமிக் சாம்பிள்’ என்பார்கள். பால் வெள்ளையாகத் தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. மிதக்கும் உருண்டைகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை. சில மணி நேரத்தில் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் கைலோமைக்ரானின் சரக்கை இறக்கிக்கொண்டுவிடும், திரவம் தெளிந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று தாத்தாவிடம் சொல்லி அனுப்புகிறார்களே, அது இந்தக் கலங்கல் தெளியத்தான்.

தெளிந்த பிறகும் அந்தத் திரவத்தில் கொழுப்பு இருக்கிறது. உருண்டைகள் மிகமிகச் சிறியவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றுக்குள் இருக்கும் முக்கியமான சரக்குதான் கொலஸ்ட்ரால்.

கொலஸ்ட்ரால் என்பது 27 கார்பன், 46 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன் சேர்ந்த மூலக்கூறு. அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் இருக்கும் மெல்லிய சவ்வு, இளகிப் போகாமலும் விறைத்துப் போகாமலும் பதமாக இருப்பது இதனால்தான். மைதானத்தில் வெயில் படும்போது தோலில் வைட்டமின் டி உருவாகிறதே, அதற்கான மூலப்பொருள் கொலஸ்ட்ராலுக்கு ஒரு படி முந்தைய அண்ணன் மூலக்கூறு. சாப்பிட்ட நெய்யைச் செரிக்க வைக்கும் பித்த உப்புகள் கொலஸ்ட்ராலிலிருந்தே செய்யப்படுகின்றன. நீங்கள் வளர்ந்து பெரியவர்களாவதற்கான ஹார்மோன்களும் அப்படியே. உடம்பின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மூளையில் இருக்கிறது.

இவ்வளவு அவசியமான பொருளைச் சாப்பாட்டை நம்பி விட்டுவிட முடியுமா? உடம்பு தானே செய்துகொள்கிறது. பெரியவர் ஒருவரின் உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வரை கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. இரண்டே கார்பன் உள்ள ஒரு சின்னத் துண்டை எடுத்து, அதோடு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று ஒட்டி, முப்பது படிகளுக்குப் பக்கத்தில் வேலை செய்து அந்த 27 கார்பன் மூலக்கூறை முடிக்கிறது. இந்தப் பாதையைத் துலக்கிய கோன்ராட் பிளாக், ஃபியோடர் லைனன் இருவருக்கும் 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது. சைவமே சாப்பிட்டு, நெய்யைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவரின் ரத்தத்திலும் கொலஸ்ட்ரால் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இனி அந்த உருண்டைகளைப் பார்க்கலாம். பால் பண்ணையில் கிரீம் பிரிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. பாலை ஊற்றி நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுழற்றினால், எடை குறைந்த கொழுப்பு உருண்டைகள் நடுப்பக்கம் ஒதுங்கும், கனமான பால் வெளிப்பக்கம் போகும். 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன் என்ற அறிஞர் ரத்தத்தின் தெளிந்த திரவத்தை எடுத்துக்கொண்டு இதே வேலையைச் செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர் அவர், பிறகு மருத்துவத்துக்கு வந்தார். அவருடைய இயந்திரம் நிமிடத்துக்கு 50 ஆயிரம் சுற்றுகளுக்கும் மேல் சுழன்றது. திரவத்தில் உப்பைக் கூட்டி அதன் அடர்த்தியை உயர்த்தினார். கொழுப்பு உருண்டைகள் ஒரே கூட்டமாக மேலே வராமல், வகைவகையாகப் பிரிந்து நின்றன.

கொழுப்பு அதிகம், புரதம் குறைவு என்றால் உருண்டை லேசானது. புரதம் கூடக்கூட அடர்த்தி கூடும். மிகவும் லேசானது கைலோமைக்ரான். அடுத்தது கல்லீரல் கட்டி அனுப்பும் வி.எல்.டி.எல். அதன் கொழுப்புச் சரக்கு வழியில் இறங்க இறங்க, மிஞ்சுவது எல்.டி.எல். இவற்றில் எல்லாம் அடர்த்தி மிகுந்தது எச்.டி.எல். உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் இந்த எழுத்துகள் எல்லாம் அடர்த்தியைச் சொல்பவைதான். பேச்சுவழக்கில் எச்.டி.எல்.-ஐ நல்ல கொழுப்பு என்றும் எல்.டி.எல்.-ஐக் கெட்ட கொழுப்பு என்றும் சொல்கிறோம். உள்ளே இருக்கும் கொலஸ்ட்ரால் மூலக்கூறு இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றே. உருண்டை எங்கே போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதுதான் வேறுபாடு.

ஓர் எல்.டி.எல். உருண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளை வரிசையாக வைத்தால்தான் உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் வரும். நடுவில் ஏறத்தாழ 1500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள், கொழுப்பு அமிலத்தோடு பிணைந்து நெருக்கியடித்து இருக்கின்றன. மேலே மெல்லிய உறை. அந்த உறையைச் சுற்றி, நீளமான ஒரே ஒரு புரதம் வளைத்துக் கிடக்கிறது. அப்போ-பி என்று பெயர், 4536 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். ஓர் உருண்டைக்கு ஓர் அப்போ-பி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் அப்போ-பியை அளந்தால் உருண்டைகளையே எண்ணிவிடலாம்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் குறுக்களவு, தொடங்கும் இடத்தில் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். உங்கள் ஸ்கேலை எடுத்து அந்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்துக்கு இவ்வளவு சன்னமான குழாய்கள்தான் சோறு போடுகின்றன. ரத்தத்தில் எல்.டி.எல். உருண்டைகள் மிகுந்திருந்தால், சில தமனிச் சுவரின் உள்ளடுக்குக்குள் நுழைந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். உடம்பின் காவல் செல்கள் ஓடி வந்து அவற்றை விழுங்கும். விழுங்கி விழுங்கி, வயிறு நிறையக் கொழுப்போடு நகர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நுரை நுரையாகத் தெரிவதால் இவற்றை நுரைச் செல்கள் என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இது சேர்ந்து மேடு தட்டுகிறது. மேட்டின் மேல்தோல் ஒரு நாள் கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறையும். குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு.

இந்தக் கதையின் முதல் நுனியைப் பிடித்தவர் ரஷ்யாவின் நிக்கொலாய் அனிச்கோவ். 1913-இல் அவரும் அவருடைய தோழரும் முயல்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ராலைக் கலந்து கொடுத்தார்கள். முயல்களின் தமனிச் சுவர்களில் கொழுப்புப் படிந்தது. மற்றவர்கள் எலிகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. புல் தின்னும் முயலை வைத்து மனிதனைப் பற்றி என்ன சொல்வது என்று பலரும் இதை ஒதுக்கிவிட்டார்கள். அறிவியலில் ஒரு நல்ல கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் மூலையில் கிடப்பது இப்படித்தான்.

மனிதர்களுக்கான விடை, துக்கமான ஒரு குடும்பத்திலிருந்து கிடைத்தது. 1968 வாக்கில் அமெரிக்காவின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஜோசப் கோல்ட்ஸ்டீன், மைக்கேல் பிரவுன் என்ற இளம் மருத்துவர்கள் இருவர் வேலை பார்த்தார்கள். அங்கே உடன்பிறந்த இரு சிறுபிள்ளைகள் இதய நோயோடு சிகிச்சைக்கு வந்தார்கள். உங்கள் வயதுகூட இருக்காது. அவர்களுடைய கொலஸ்ட்ரால் அளவு மற்றவர்களுக்கு இருப்பதைப்போலப் பல மடங்கு. இவர்கள் என்ன புகை பிடித்தார்களா, ஆண்டுக்கணக்கில் நெய்யில் நீந்தினார்களா? பிறந்ததிலிருந்தே இப்படி. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்த குழந்தைகள் அவர்கள்.

டல்லஸ் நகருக்குப் போன பிறகு கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் இந்த நோயுள்ளவர்களின் தோலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்தார்கள். நல்ல செல்களுக்கு எல்.டி.எல். கொடுத்தால், ‘வெளியிலிருந்து வருகிறது, நாம் செய்ய வேண்டாம்’ என்று தங்கள் கொலஸ்ட்ரால் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன. நோயாளிகளின் செல்கள் எவ்வளவு எல்.டி.எல். கொடுத்தாலும் நிறுத்தவில்லை, தயாரித்துக்கொண்டே இருந்தன. எல்.டி.எல். வந்திருப்பதே அவற்றுக்குத் தெரியவில்லை. ஏன்? நல்ல செல்லின் மேற்பரப்பில் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. நோயாளிகளின் செல்களில் அந்த ஏற்பி இல்லை, இருந்தாலும் வேலை செய்யவில்லை. ஓர் ஏற்பி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உருண்டையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி மேற்பரப்புக்கு வந்து நிற்கும். இப்படிச் சலிக்காமல் நூற்றுக்கணக்கான நடை. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ அதிகமாக வாரி எடுப்பது கல்லீரலின் ஏற்பிகளே. அவை இல்லாத குழந்தையின் ரத்தத்தில் உருண்டைகள் போக இடமின்றிச் சுற்றிச் சுற்றி வரும், தமனிச் சுவரில் போய்ச் சேரும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த மரபுநோய் அமெரிக்காவில் மட்டும் என்று நினைக்காதீர்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு பெற்றவர்கள் உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேராவது இருக்கக்கூடும் என்று கணக்கு வருகிறது. இரு மரபணுவும் பழுதான குழந்தைகள் மிக அரிது. அவர்களுக்கு முழங்கை, முழங்கால், விரல் முட்டி, குதிகாலுக்கு மேலே என்று மஞ்சள் நிறத்தில் கட்டிகள் எழும்பும். பலரைத் தோல் மருத்துவரிடம்தான் முதலில் கூட்டிப் போவார்கள். கட்டிக்குள் இருப்பது கொலஸ்ட்ரால் என்று கண்டுகொள்ளும் மருத்துவர், அந்தப் பிள்ளையின் இதயத்தைக் காப்பாற்றிவிடுகிறார்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள், பூஞ்சணத்திலிருந்து! ஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. சிறு வயதிலேயே காளான், பூஞ்சணம் என்றால் உயிர். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கின் கதையைப் படித்து வளர்ந்தவர். பூஞ்சணங்கள் தங்கள் எதிரிகளைத் தடுக்கப் பலவித ரசாயனங்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று கொலஸ்ட்ரால் தயாரிப்பையும் தடுக்குமே என்று அவருக்குத் தோன்றியது. 6000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களை வளர்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். கியோட்டோவின் தானியக் கடையொன்றில் அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம் 1973-இல் கைகொடுத்தது. பெனிசிலியம் சிட்ரினம் என்பது அதன் பெயர்.

அதிலிருந்து பிரித்த பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் கொலஸ்ட்ரால் குறையவே இல்லை. எண்டோ வேலை பார்த்த மருந்து நிறுவனத்துக்கு ஆர்வம் போய்விட்டது. அப்போது எண்டோவின் சக ஆய்வாளர் ஒருவரிடம் முட்டையிடும் கோழிகள் இருந்தன. முட்டையில் கொலஸ்ட்ரால் நிறைய, ஆகவே கோழியின் உடம்பு அதை மும்முரமாகத் தயாரிக்கும், அதில் சோதித்தால் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கோழிகளின் கொலஸ்ட்ரால் பாதிக்குப் பாதி இறங்கியது! எலியில் தோற்றதைக் கோழியில் கேட்டுப் பார்க்கத் தோன்றியதே, அந்தப் பிடிவாதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். இந்த வகை மருந்துகளுக்கு ஸ்டேட்டின் என்று பெயர். விற்பனைக்கு வந்த முதல் ஸ்டேட்டினுக்கு 1987-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கல்லீரலில் தயாரிப்பு குறைந்ததும், செல்கள் கொலஸ்ட்ரால் போதவில்லை என்று உணர்ந்து மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டுகின்றன, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ வாரி இழுத்துக்கொள்கின்றன. கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் கண்ட ஏற்பி, எண்டோவின் மருந்துக்கு விளக்கமாகவும் அமைந்துவிட்டது. எண்டோ 2024-இல், 90 வயதில் காலமானார்.

நம் பக்கத்துக்கு வருவோம். அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரல் பக்கம் போனால் பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் தாண்டிப் பெரம்பூர் வரும். அங்குள்ள ரயில்வே மருத்துவமனையில், 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டி ரத்தம் போக, உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்த குழாயால் புதுவழி போடுவதுதான் பைபாஸ். பிறகு அவர் அம்பத்தூருக்கு அடுத்த முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இதய மருத்துவமனையை உருவாக்குவதில் முன்னின்றார், ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் 2025 ஜனவரியில் மறைந்தார்.

ரயில்வே என்றதும் இன்னோர் ஆய்வும் நினைவுக்கு வருகிறது. எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், நாடு முழுவதுமுள்ள ரயில்வே ஊழியர்களின் மரணக் கணக்குகளை அலசி 1967-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதயத் தமனி நோயால் இறந்தவர்கள் வடக்கே இருந்ததைவிடத் தெற்கே ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம். வடக்கே பஞ்சாபிகள் சாப்பிட்ட கொழுப்போ நம்மவர்களைவிடப் பல மடங்கு, பெரும்பாலும் பாலும் நெய்யும்! அப்படியானால் நெய்க்கு விடுதலையா? அவசரப்படாதீர்கள். அது ஊரோடு ஊரை ஒப்பிட்ட கணக்கு, ஆளோடு ஆளை ஒப்பிட்டதல்ல. இரண்டு ஊர்களுக்கு நடுவே சாப்பாடு ஒன்றுதானா வேறுபடும்? ஆனாலும் அந்தக் கட்டுரை கேட்ட கேள்வி நியாயமானது. தட்டில் விழும் கொழுப்பை மட்டும் எண்ணினால் நம் ஊர் இதயத்தின் கதை முழுசாக வராது.

இப்போது நம்மிடம் இன்னும் நல்ல கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து, 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் வீடுவீடாகப் போய் ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி 81 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொழுப்புகளில் ஏதாவது ஒன்று சரியில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் உயர்ந்திருந்தவர்கள் 24 விழுக்காடு மட்டுமே. நம்மிடம் அதிகம் காணப்படுவது எச்.டி.எல். குறைவு, கூடவே டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பின் மிகுதி. இதில் சோற்றுக்கும் பங்கு உண்டு. இந்தியர்கள் சாப்பாட்டிலிருந்து பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்து என்று அதே ஆய்வுக் குழுவின் கணக்கு சொல்கிறது. மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, இட்லி, தோசை, நடுவே சர்க்கரை போட்ட டீ என்று போய், உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால், மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வி.எல்.டி.எல். உருண்டைகளில் அடைத்து ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. எண்ணெயே தொடாமல் சாப்பிட்டாலும்!

‘கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்’ என்று போட்டிருக்கும் பாக்கெட்டைப் பார்த்து மயங்காதீர்கள். செடி கொடிகளிலிருந்து எடுக்கும் எந்த எண்ணெயிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவு. அது கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளை மந்தமாக்கும். ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி அப்படிப்பட்டது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இதைவிடப் பொல்லாதது வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி வந்துவிட்டது. தோசைமேல் ஒரு ஸ்பூன் நெய்க்கு நான் எதிரி அல்ல. முட்டைக்கும் அல்ல. சாப்பாட்டில் கொலஸ்ட்ரால் கூடினால் பெரும்பாலானவர்களின் உடம்பு தன் தயாரிப்பைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளும்.

‘இதெல்லாம் பெரியவர்கள் பாடு, எங்களுக்கு என்ன?’ என்று கேட்பீர்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. ஓடியாடித் திரிந்த அந்த இளைஞர்களில் நான்கில் மூன்று பேருக்கு இதயத் தமனிகளில் கொழுப்பு மேடு கட்டத் தொடங்கியிருந்தது. மாரடைப்பு ஐம்பது வயதில் வந்தாலும், அதன் வேலை உங்கள் வயதில் ஆரம்பித்துவிடுகிறது. நேர்மாறாக, டல்லஸ் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். எல்.டி.எல். ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அவருக்குப் பிறவியிலேயே இல்லை. பெரியவர்களுக்குச் சாதாரணமாக டெசிலிட்டருக்கு நூறு மில்லிகிராமையொட்டி இருக்கும் எல்.டி.எல். அவருக்கு வெறும் 14. அவர் ஆரோக்கியமாகவே இருந்தார். அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் இன்று வந்துவிட்டன.

உங்கள் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ தாத்தாவுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அத்தைக்கோ பாட்டிக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் 9 முதல் 11 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2011-இல் பரிந்துரைத்தது. முதல் முறைக்குப் பட்டினி கிடக்கவும் தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். வரும் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். உதாரணமாக மொத்தம் 165, எச்.டி.எல். 48 என்றால் விடை 117. குழந்தைகளுக்கு 120-க்குள் இருந்தால் நல்லது. 145-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, சில வாரம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் அதிகமென்றால், உங்கள் அண்ணன், தங்கை, அப்பா, அம்மா எல்லோரையும் ரத்தம் கொடுக்கக் கூப்பிடுவார்கள்.